அடிக்கல்லும் அன்றாடச் செலவும்

தர்ம ஸ்தாபனங்களைத் தொடங்கும் நல்லவர்கள் பலர், கட்டடத்துக்கு நன்கொடை திரட்டுவதில் காட்டும் பிரயத்தனத்தில் கால்பங்கைக்கூட, அக்கட்டடம் திறந்த மறுநாள் முதல் மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கப்போகும் சம்பளத்துக்கும் மருந்துக்கும் மின்சாரத்துக்கும் வழி தேடுவதில் காட்டாமற்போவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. மூலதனத்தைத் தானமாகப் பெறலாம். நித்தியச் செலவுக்கும் தானத்தையே நம்பியிருந்தால், கொடுப்பவர் கை சுருங்கும் நாளில் கதவும் சாத்தப்படும்.

அரசாங்க உத்தியோகத்திலிருந்து 58-வது வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, வீட்டை அடமானம் வைத்தும் குடும்பத்தாரின் நகைகளைக் கொண்டும் முதற்பணத்தைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தியாகத்தைவிட என் மனத்தில் ஆழப் பதிந்திருப்பது அவருடைய கணக்கே. கொடுக்க இயன்றவர்களிடம் கட்டணம் பெற்று, அதில் மிஞ்சியதைக் கொண்டு இயலாதவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்வது என்ற ஏற்பாடு, ஸ்தாபனம் வளர்ந்த பிறகு யோசித்துச் சேர்த்ததன்று. அந்தப் பதினொரு படுக்கைகளின் காலத்திலேயே வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் எழுந்த பெரிய கட்டடமும் பணம் சேரச்சேர மாடி மாடியாகவே உயர்ந்தது.

தர்மத்தில் கட்டணம் புகுந்தால் அதன் பரிசுத்தம் கெடும் என்று சொல்வோர் உண்டு. அவர்களுடைய தயாள சிந்தையை நான் மதிக்கிறேன். ஆயினும், கண்புரையால் பார்வை மங்கிய கிராமத்து மூதாட்டி ஒருத்திக்கு, இவ்வாண்டு நன்கொடை குறைந்துவிட்டது, அடுத்த ஆண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதில் என்ன பரிசுத்தம் இருக்கிறது? அரவிந்தில் கட்டணத்துக்குச் சிக்கனமும் துணைநின்றது: ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முடிந்ததும் டாக்டர் பக்கத்து மேஜையில் ஆயத்தமாயிருக்கும் அடுத்தவரிடம் திரும்பும் முறையை அங்கே கைக்கொண்டதால், டாக்டருடைய பொழுது வீணாகாமல், ஒவ்வொரு சிகிச்சையின் செலவும் குறைந்தது. சிக்கனமும் கருணையும் அங்கே ஒன்றையொன்று தாங்கின.

ஆகையால், புதிய முயற்சிக்கு உதவ முன்வரும் தனவந்தர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுண்டு: சலவைக்கல்லில் பெயர் பொறிப்பதற்கான தொகையை, முதல் இரண்டாண்டுச் சம்பளத்துக்கென்று கொடுங்கள்; கொடுப்பதற்கு முன், மூன்றாம் ஆண்டின் வரவு எங்கிருந்து வரும் என்று அவசியம் கேளுங்கள்.