ஈயம் என்றால் எந்த ஈயம்?

உலோகத்தை உருக்கி, வேண்டிய உறுப்பை வீட்டிலேயே வார்த்துக்கொள்வது தந்தையர் சிலருக்குப் பொழுதுபோக்கு. பழைய தையல் இயந்திரத்திற்கு எங்கும் கிடைக்காத ஒரு குமிழ், தூண்டிலுக்கு ஒரு குண்டு. நல்ல கலைதான், ‘கொல்லன் வேலை’ என்று அதனை இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. என் சினம் வேறு.

“ஈயந்தானே, எளிதில் உருகும்” என்று பிள்ளைகள் சூழ்ந்து நிற்கச் சமையலறை அடுப்பிலேயே உருக்குகின்றார்களே, அஃது எந்த ஈயம்? கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியது வெள்ளீயம். இரசம் வைக்கும் ஈயச்சொம்புக்கு உரியதும் அதுவே. 232 பாகை செல்சியசில் உருகும். பழைய கார் மின்கலத்தில் இருப்பதோ காரீயம். தூண்டில் குண்டும் பெரும்பாலும் அதுவே. 327 பாகையில் உருகும் நஞ்சு அது! அதன் தூசும் கசடும் கைவழி உணவில் சேர்ந்து பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனமே கூறுகின்றது.

“நாங்களும் சிறுவயதில் உருக்கியவர்கள்தாம், ஒன்றும் ஆகவில்லையே” என்பார் உளர். எந்தக் குருதிச் சோதனையில் கண்டீர்கள், ஐயா?

ஆசிரியர்களாகிய நாமும் குற்றவாளிகளே. மலாயில் ‘தீமா’, ‘தீமா ஈத்தாம்’ என்று பிரித்தெழுதும் மாணவன் தமிழில் இரண்டையும் ‘ஈயம்’ என்கிறான். நாமும் சரியென்று குறியிட்டுவிடுகிறோம்.

வார்க்க விரும்பும் பெற்றோர்களே, காரீயம் கலவாத வெள்ளீயக் கலவையை வாங்குங்கள். வீட்டிற்கு வெளியே, சமையலுக்குத் திரும்பாத தனிச்சட்டியில் உருக்குங்கள். அச்சு நன்கு உலர்ந்திருக்கட்டும். ஒரு துளி ஈரம் போதும், அது நொடியில் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கச் செய்துவிடும்.