காவல் புரதம் புற்றுக்குத் துணைபோகும்போது

காரைக்கால் வட்டாரத்து விழிதியூர், நிரவி பக்கமிருந்து கதிர்வீச்சு சிகிச்சைக்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒருவழிப் பயணமே சுமார் 130 கி.மீ. அங்கே அவர்கள் பெறும் கதிர்வீச்சு, புற்றுநோய் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைந்த பிறகு நடப்பதை நுண்நோக்கியில் பார்க்கலாம். செல் பிரியும்போது பின்தங்கிப்போன குரோமோசோம் துண்டு, உட்கருவின் பக்கத்தில் சிறு புள்ளியாக, மெல்லிய உறையோடு நிற்கும். அந்த உறை எளிதில் கிழியும், டி.என்.ஏ. வெளியே கசியும்.

உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ.வைக் கண்டால் வைரஸ் புகுந்துவிட்டதென்றே செல் எடுத்துக்கொள்ளும். ‘சிகாஸ்’ என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு ‘ஸ்டிங்’ என்ற புரதத்தை உசுப்பும், இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் சுரக்கும், நோயெதிர்ப்பு செல்கள் திரளும். சிகாஸைக் கண்டறிந்த ஜேம்ஸ் சென்னுக்கு 2024-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஸ்டிங்கைத் தூண்டினால் புற்று அடங்கும் என்ற நம்பிக்கையும் வலுத்தது.

அந்த நம்பிக்கையை அப்படியே ஏற்பதற்கில்லை. குரோமோசோம் நிலைகுலைந்த புற்று செல்களில் இந்தக் கசிவு ஓயாமல் நடக்கிறது. அவை இன்டர்ஃபெரான் கிளையை அடக்கிவிட்டு, ஸ்டிங்கின் வேறொரு கிளையைப் பிடித்துக்கொண்டு மற்ற உறுப்புகளுக்குப் பரவுகின்றன என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வின்படி, சிகாஸ் உட்கருவுக்குள்ளேயே நுழைந்து டி.என்.ஏ. முறிவைச் சரிசெய்யும் வேலையைத் தடுத்து, கட்டி வளர வழிவிடுகிறது. நோயெதிர்ப்புக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

டிஎம்எக்ஸ்ஏஏ என்ற மருந்தின் கதையை இங்கே மறக்கக் கூடாது. எலிகளில் கட்டியைக் கரைத்த அது, நுரையீரல் புற்றுக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் மனிதர்களுக்குப் பலன் தரவில்லை. அது எலியின் ஸ்டிங்கோடுதான் ஒட்டும், மனித ஸ்டிங்கோடு ஒட்டாது என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தனை நோயாளிகளைச் சோதனையில் சேர்க்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது.

நம் பெண்களை வாட்டும் கருப்பைவாய்ப் புற்றில் நிலைமை வேறு. அதை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் ‘இ7’ புரதம் ஸ்டிங்கையே முடக்கும் என்பது 2015-இல் தெரியவந்தது. ஒரு கட்டியில் முடங்கிக் கிடக்கும் பாதை, இன்னொன்றில் பரவலுக்கு உதவுகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

ஜிப்மர், அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற நிறுவனங்கள் நம் நோயாளிகளின் திசுவில் இந்தப் பாதை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஸ்டிங் மருந்துச் சோதனையில் ஒருவரையும் சேர்க்கக் கூடாது.