சர்வர் டவுன் இல்லைம்மா!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரை, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "அண்ணா, அப்லோடு ஆக மாட்டேங்குது." அதற்கு வழக்கமான பதிலும் உண்டு. "சர்வர் டவுன்மா. சாயந்தரம் வா."

சாயந்தரம் போனாலும் ஆகாது. ஏனென்றால் பல நேரங்களில் சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

பொறியியல் கவுன்சலிங் 2017 வரை கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. எல்லா மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர், பிள்ளைகளோடும் பிளாஸ்டிக் ஃபைலில் ஒரிஜினல் சான்றிதழ்களோடும் வந்து இறங்குவார்கள். 2018-ல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியது; சான்றிதழ் சரிபார்க்க மட்டும் உதவி மையத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் சான்றிதழ்களையும் வீட்டிலிருந்தே அப்லோடு செய்யும்படி ஆயிற்று. அலைச்சல் போனது நல்லதுதான். ஆனால் நேரில் போனால், "இந்தப் பேப்பர் சரியில்லை, வேறு கொண்டு வாங்க" என்று சொல்ல எதிரே ஒரு ஆள் இருந்தார். திரையில் சுற்றும் வட்டத்துக்கு அந்த நாக்கு கிடையாது.

இப்போது ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆட்கள் கற்பனை, கோளாறுகள் எல்லாம் நிஜம்.

தி.நகரில் ஒரு சின்ன கல்வி அறக்கட்டளை. வருடா வருடம் சில மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது. விண்ணப்பிக்க இன்று இரவு 12 மணி வரைதான் நேரம். லஸ் கார்னர் அருகே ஒரு கடையில் ஒரு பெண், வருமானச் சான்றிதழை செல்போனில் படம் எடுத்து நான்காவது முறையாக அனுப்புகிறாள். கொஞ்ச நேரம் சுற்றுகிறது. பிறகு 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை'. கடைக்காரர் சர்வர் டவுன் என்கிறார். அவர் மேல் தப்பில்லை, திரையே அப்படித்தான் சொல்கிறது.

அவள் அறக்கட்டளைக்குப் போன் செய்கிறாள். செயலாளர் அடையாறு காந்தி நகரில் இருக்கும் புரோகிராமருக்குப் போன் செய்கிறார். எப்போதோ யாரோ ஜாவாவில் எழுதிய அந்தத் தளத்தைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்பவள் அவள்.

"அம்மா, காலையிலேர்ந்து ஏழெட்டுப் பேர் கூப்பிட்டுட்டாங்க. அப்லோடு போகலையாம்."

அவள் தளத்தைத் திறக்கிறாள். திறக்கிறது. தன்னிடமிருந்த ஒரு படத்தை அனுப்புகிறாள். போகிறது.

"எனக்கு வருதே சார்!"

கம்ப்யூட்டர் தொழிலில் இதைவிடப் பயனில்லாத வாக்கியம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால், "அந்தப் பொண்ணு அனுப்பின அதே படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க" என்கிறாள். படம் வருகிறது. அதை அப்லோடு செய்கிறாள். அதுவும் போய்விடுகிறது!

இங்கேதான் பலர் மணிக்கணக்கில் ஏமாறுவார்கள். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். 4 எம்.பி. படம் சில நூறு கே.பி.யாக வந்து நிற்கும். பார்வைக்கு அதே சான்றிதழ், கணினிக்கு வேறு கோப்பு. 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் ஒரிஜினல் வரும். அப்படி வாங்கிப் பார்த்தபோது 4.2 எம்.பி. அதை அனுப்பியதும் அவள் திரையிலும் அதே 'அணுக முடியவில்லை'. பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நம் வீட்டிலும் நடக்கும் கோளாறைத்தான் சரிசெய்ய முடியும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

அப்லோடு என்பது அடுக்குக் கேரியர் மாதிரி. ஒரு அடுக்கில் பெயர், ஒரு அடுக்கில் விண்ணப்ப எண், இன்னொன்றில் சான்றிதழ் படம். எல்லாம் ஒரே கேரியரில் போகும். இதற்குப் பெயர் மல்டிபார்ட், அதாவது பல பாகம். மின்னஞ்சலில் இணைப்புகளை அனுப்பக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. வலைப்பக்கப் படிவத்தில் கோப்பு அனுப்பவும் இதையே பயன்படுத்தலாம் என்று ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், மாசின்டர் இருவரும் 1995 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 1867 என்ற ஆவணத்தில் எழுதிவைத்தார்கள். (ஜெராக்ஸ் கடையில் நின்று அப்லோடு செய்கிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.) ஜாவா சர்வ்லெட் விதிகளில் இதற்கென்று சொந்த வசதி வந்தது 2009 கடைசியில், சர்வ்லெட் 3.0-ல்தான். அதுவரை அப்பாச்சியின் 'காமன்ஸ் ஃபைல்அப்லோடு' போன்ற இரவல் பாத்திரங்களை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள்.

கேரியர் போகிற வழியில் காவலாளிகள் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு அளவுகோல். முன்வாசலில் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருக்கும் தளங்களில், யாரும் மாற்றாதவரை, 1 எம்.பி.க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். 413 என்ற எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஜாவாத் தளமென்றால், சும்மா விட்டாலே ஒரு கோப்புக்கு 1 எம்.பி., மொத்தத்துக்கு 10 எம்.பி. ஒரு வாசலில் அளவைக் கூட்டிவிட்டு அடுத்த வாசலை மறந்துபோவது அன்றாடம் நடப்பது. அதனால் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது, ஜாவாவின் லாகில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான். ஒரு வரிகூட இல்லையென்றால் கேரியர் ஜாவா வரை வரவேயில்லை; முன்வாசலில் தேட வேண்டும்.

நம் புரோகிராமர் பார்த்தாள். லாகில் வரி இருந்தது. கோப்பு 1 எம்.பி. வரம்பைத் தாண்டிவிட்டது என்று ஜாவா தெளிவாகவே சொல்லியிருந்தது. பழைய நிரலை எழுதியவர் வைத்த வரம்பு அது. அவர் காலத்தில் ஸ்கேனரிலிருந்து வரும் கோப்புக்கு அது போதும். செல்போன் கேமராவுக்குப் போதாது.

ஆனால் அவளுக்கு வேறொன்று உறுத்தியது. வரம்பைத் தாண்டினால், 'படம் பெரிதாக இருக்கிறது, 1 எம்.பி.க்குள் அனுப்புங்கள்' என்று தமிழில் சொல்லும்படி அவளே போன வருடம் எழுதியிருந்தாள். அந்தச் செய்தி எங்கே போயிற்று?

2.5 எம்.பி. படம் ஒன்றை அனுப்பிப் பார்த்தாள். செய்தி அழகாக வந்தது. 4.2 எம்.பி. அனுப்பினால் 'அணுக முடியவில்லை'.

விஷயம் இதுதான். ஜாவா நிரலைத் தாங்கி ஓடும் சர்வரின் பெயர் டாம்கேட். கோப்பு 1 எம்.பி.யைத் தாண்டியதுமே நிரல் மறுத்துவிடுகிறது. ஆனால் உலாவி மிச்சத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் பதிலைக் கேட்கும். வேண்டாத அந்த மிச்சத்தை டாம்கேட் மரியாதைக்காக 2 எம்.பி. வரை விழுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் பொறுமை கிடையாது, தொடர்பைத் துண்டித்துவிடும். 2.5 எம்.பி. படத்தில் மிச்சம் 1.5, விழுங்கிவிட்டுப் பதில் சொல்ல முடிந்தது. 4.2-ல் மிச்சம் 3.2. பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தது மாதிரி. பதில் தயாராக இருந்தும் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேரவில்லை. யாருடைய படம் மிகப் பெரிதோ, யாருக்கு அந்த விளக்கம் மிகவும் தேவையோ, அவர்களுக்குத்தான் அது கிடைக்காமல் போனது.

கோப்பு வரம்பை 5 எம்.பி. ஆக்கினாள். விழுங்கும் அளவை 20 எம்.பி. ஆக்கினாள். வரம்பே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. காமன்ஸ் ஃபைல்அப்லோடில், ஒரே விண்ணப்பத்தில் எத்தனை பாகம் வரலாம் என்று வரம்பில்லாமல் இருந்ததை 2023-ல் பாதுகாப்புக் குறையாக அறிவித்துத் திருத்தினார்கள். எண்ணற்ற குட்டிக் குட்டிப் பாகங்களை அனுப்பியே ஒருவர் சர்வரைத் திணறடித்துவிட முடியும்.

அப்போது மணி 9.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அனுப்புவதற்கு முன்பே உலாவியிலேயே அளவைப் பார்த்துச் சொல்லிவிட்டால் நல்லதே என்று ஜாவாஸ்கிரிப்டில் பத்து வரி சேர்த்தாள். அதோடு, 'இது மல்டிபார்ட்' என்று தலைப்பிலும் தன் கையால் எழுதிவைத்தாள். இப்போது யாருடைய படமும் போகவில்லை, 20 கே.பி. படம் கூட! லாகில் புது வரி: பவுண்டரி கிடைக்கவில்லை.

கேரியரில் அடுக்கு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கம்பியில் போவதோ ஒரே நீள பைட் வரிசை. அதனால் உலாவி, கோப்புக்குள் தற்செயலாகக்கூட வராத மாதிரி ஒரு நீளமான எழுத்துக் கோர்வையை உருவாக்கி, அடுக்குக்கு அடுக்கு நடுவில் வைக்கும். அதுதான் பவுண்டரி. 'இந்தக் கோர்வை வந்தால் அடுத்த அடுக்கு என்று தெரிந்துகொள்' எனத் தலைப்பிலும் அதுவே எழுதும். மனிதர் கையால் தலைப்பை எழுதினால் 'மல்டிபார்ட்' என்ற சொல் இருக்கும், கோர்வை இருக்காது. சர்வரால் அடுக்கைப் பிரிக்க முடியாது. தீர்வு, எழுதிய அந்த ஒரு வரியை அழிப்பது. தலைப்பை உலாவியிடமே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு வரிக்காக எத்தனையோ பேர் எத்தனையோ ராத்திரி கண் விழித்திருக்கிறார்கள். அவளுக்கு நாற்பது நிமிடத்தோடு போயிற்று.

10.40-க்கு அந்தப் பெண்ணின் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக் காத்திருந்தார்.

இப்படிப்பட்ட இரவுகளில் விண்ணப்பிக்கிறவர் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. கோப்பின் அளவை முதலில் பாருங்கள். வங்கித் தேர்வுகளுக்கான ஐ.பி.பி.எஸ். விண்ணப்பம் போல, புகைப்படம் 20 முதல் 50 கே.பி., கையெழுத்து 10 முதல் 20 கே.பி. என்று சொல்லிவிடுகிற தளங்களில் பிரச்னையில்லை. சொல்லாத தளங்களில் 1 எம்.பி.க்குள் அனுப்பிப் பாருங்கள். ஐபோன் படமென்றால் அது ஹெயிக் வகையாக இருக்கலாம். கோப்பின் பெயர்க் கடைசியில் ஜே.பி.ஜி. என்று மாற்றி எழுதுவதால் அது ஜே.பி.ஜி. ஆகிவிடாது, கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தே சர்வர் கண்டுபிடித்துவிடும். திரையில் 413, 415, 504 என்று ஏதாவது எண் தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நேரத்தோடு அனுப்புங்கள். 413 என்றால் அளவு, 415 என்றால் வகை, 504 என்றால் பதில் வரத் தாமதம். 'அப்லோடு ஆகல' என்பதைவிட அந்த எண் நூறு மடங்கு உதவும்.

மறுநாள் காலை தி.நகரிலிருந்து மறுபடியும் போன்.

"என்னம்மா இது, ஃபைல் பேரெல்லாம் ஜிலேபியா இருக்கு!"

'வருமானச் சான்றிதழ்' என்று தமிழில் பெயர் வைத்து அனுப்பியவர்களின் கோப்புகள் அவை. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று வரிசையாக நின்றன. யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எந்த முறை என்று சொல்லாவிட்டால் பழைய டாம்கேட், ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்ற ஐரோப்பியக் கணக்கில் படித்துவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்றாகச் சிதறும். பாகங்களைத் திறப்பதற்கு முன்னால் 'இது யு.டி.எஃப்.-8' என்று சொல்ல ஒரே வரி போதும். திறந்த பிறகு சொன்னால் பயனில்லை.

"போனதெல்லாம் போனதுதானா?" என்று கேட்டார் செயலாளர்.

போகவில்லை. அந்தத் தப்பான கணக்கில் ஒரு பைட்கூடத் தொலைவதில்லை. எழுத்துகளைத் திரும்ப பைட்டுகளாக்கி, சரியான கணக்கில் மறுபடி படிக்கச் சொன்னால் பெயர்கள் அப்படியே திரும்பிவிடும். மதியத்துக்குள் எல்லாப் பெயரும் தமிழுக்கு வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. திரையில் 'கோடம்பாக்கம்' என்று சரியாகவே தெரிந்த அந்தக் கோப்பு, தேடினால் மட்டும் கிடைக்கவில்லை. பழைய ஆப்பிள் கணினியிலிருந்து வந்தது. அந்தக் கோப்பு முறை 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை, முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு துண்டாக்கி வைக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஜாவாவின் நார்மலைசர் அதையும் ஒட்டிக்கொடுத்தது.

அடுத்த வருட விண்ணப்பத்துக்கு அவள் ஒரு மாற்றம் எழுதிவைத்திருக்கிறாள். அனுப்புகிறவர் என்ன பெயர் வைத்தாலும் சரி, சர்வரில் கோப்பு விண்ணப்ப எண்ணின் பெயரில்தான் சேமிக்கப்படும்.