போசியும் மூணு கல்லும்

கிராமத்துக்குப் போகிற இயக்கத் தோழர்களின் பையில் துண்டறிக்கை இருக்கும், நோட்டு இருக்கும், சுருட்டின பேனர் இருக்கும். சோறு பொங்க ஒரு போசி இருக்காது. 'போற எடத்துல பாத்துக்கலாம்' என்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. 'போசி தூக்கிட்டுப் போறதுக்கு இது என்ன பழனி பாதயாத்திரையா?' என்று கேலி பேசுகிற தோழர்களும் உண்டு. அந்தக் கேலிக்குத்தான் இந்தப் பதில். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து வளவுகளுக்கு நடையாய் நடக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். தலித் இயக்கத்துக்குப் போசி ஒரு அரசியல் சாமான்.

பயணத்தில் சொந்தச் சோறு என்பதற்கு இந்த நாட்டில் ரெண்டு சரித்திரம் உண்டு. ஒன்று, அடுத்தவன் கை பட்டால் தீட்டு என்று கட்டுச்சோறு கட்டினவன் சரித்திரம். ரயில் வந்த பிறகும் அவன் விடவில்லை. ஸ்டேஷனில் பார்ப்பனர்களுக்கென்று தனிச் சாப்பாட்டு இடம் வைத்துக்கொண்டான். பெரியார் இயக்கம் எதிர்த்துப் போராடி 1941இல்தான் அது ஒழிந்தது. ஓட்டல் பலகையில் சாதி எழுதி வைத்ததை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இன்னொன்று நம்முடைய சரித்திரம். காசு கொடுத்தாலும் எவனும் சோறு போடமாட்டான் என்பதால் மூட்டை கட்டினவன் சரித்திரம். அவன் தீட்டுக்குப் பயந்து கட்டினான், நம்மாளு பட்டினிக்குப் பயந்து கட்டினான். ரெண்டும் கட்டுச்சோறுதான் என்று சமமாய்ப் பேசுகிறவன் பாதி உண்மையை முழுங்குகிறான்.

கையில் சோறு இருந்தால் மட்டும் போதுமா? 1901இல் சிறுவன் அம்பேத்கர், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் சாத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கக் கிளம்பினார். ரயிலை விட்டு இறங்கி மாட்டு வண்டியில் பயணம். இவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். ரெட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் இவர்களே ஓட்ட வேண்டியதாயிற்று. கூடை நிறையச் சாப்பாடு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. தண்ணியில்லாமல் அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை, பிள்ளைகள் பட்டினியாய்ப் படுத்தார்கள். பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1927இல் மகாத் குளத்தில் அவர் கை நனைத்ததற்குப் பின்னால் இந்த ராத்திரியும் இருக்கிறது. வழியில் சமைத்துச் சாப்பிடுவது என்றால் நமக்கு முதல் கேள்வி அரிசி அல்ல, தண்ணிதான்.

காங்கேயம் சீமைக்கு வாருங்கள். வானம் பார்த்த பூமி. கண்ணுக்கெட்டின வரைக்கும் கொறங்காடு. கிளுவை வேலிக்குள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு, காங்கேயம் மாடு. மாட்டைப் பற்றி உலகமே பேசுகிறது. அந்த மாட்டுக்குக் கட்டுத்தறி கூட்டின பண்ணையாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிணறு தோட்டத்துக்காரருடையது. கவுண்டர் தோட்டத்துக் கிணத்தில் மாடு தண்ணி குடிக்கும்; மாடு மேய்ச்சவன் கை நீட்ட, எட்ட நின்று ஊற்றின காலம் ஒன்றும் ஆயிரம் வருசத்துக்கு முந்தியது இல்லை. வடக்கே நொய்யலுக்குப் போனால் திருப்பூர் சாயக்கழிவு. 1992இல் கட்டின ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்றார்கள், சாயத்தண்ணித் தொட்டியாய்ப் போனது. அதில் அரிசி கழுவ முடியுமா? ஆக மிச்சம் இருப்பது பஞ்சாயத்துக் குழாய். அதில் தண்ணி பிடிப்பது யாரும் போடுகிற பிச்சை அல்ல. அரசுப் பணத்தில் நடக்கிற கிணறு, குளம், சாலை எதிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பொதுத் தண்ணியைத் தடுப்பது வன்கொடுமை என்று 1989 சட்டத்தின் 2015 திருத்தம் குழாய் வரைக்கும் பேர் சொல்லி எழுதியிருக்கிறது. போசியோடு போகிறவன் அந்தக் குழாயடிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். டீக்கடையில் விசாரித்துத் தெரியாத சங்கதி குழாயடியில் அஞ்சே நிமிசத்தில் தெரிந்துவிடும்.

இப்போது சமையல். ஸ்டவ் வேண்டியதில்லை. ரயிலில் கேஸ், மண்ணெண்ணெய் கொண்டுபோகவும் கூடாது. ஆறு பேருக்கு ஆறு லிட்டர் பிடிக்கிற ஒரு அலுமினியப் போசி, மூடி, ஒரு கரண்டி, ஒரு கத்தி, ஆளுக்கொரு தட்டும் டம்ளரும். மூணு கல் எந்த ஊரிலும் கிடைக்கும். கொங்குநாட்டு அரிசிம்பருப்புச் சோறு போல வழிப்பயணத்துக்குத் தோதான சாப்பாடு வேறு கிடையாது. ஒரே போசி, வடிக்கிற வேலை இல்லை, தண்ணி வீணில்லை. அரிசி நாலு டம்ளர், துவரம்பருப்பு ஒரு டம்ளர் எடுத்துக் கழுவி அரைமணி நேரம் ஊறவிட்டால் விறகு மிச்சம். தேங்காயெண்ணெயில் சீரகம், வரமிளகாய், நசுக்கின பூண்டு, ரெண்டு கை சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சத்தூள் போட்டு, பதினாலு டம்ளர் தண்ணி ஊற்ற வேண்டியது. கொதி வந்ததும் பருப்பு முதலில், பத்து நிமிசம் கழித்து அரிசி, உப்பு. ரேசன் புழுங்கலரிசி என்றால் ஒரு டம்ளர் தண்ணி கூட ஊற்றுங்கள். தண்ணி சுண்டினதும் தீயை இழுத்துவிட்டுத் தணலில் மூடி வைத்தால் தானே புழுங்கி இறங்கும். ஆனி, ஆடிக் காத்துக்கு அடுப்பின் வாயைக் காத்தடிக்கிற பக்கம் வைக்காதீர்கள். முடிந்ததும் தண்ணி தெளித்து அணையுங்கள். கொறங்காடு காய்ந்த புல்லு, ஒரு பொறி போதும்.

விறகுக்கு? காங்கேயத்தைச் சுற்றிலும் எண்ணெய் மில், தேங்காய் உலர்த்துகிற களம். களத்தில் வேலை செய்கிற நம்ம சனங்களைக் கேட்டால் தேங்காய்த் தொட்டி கிடைக்கும். நின்று எரியும். நம் பாட்டன் பூட்டனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தது இதே தொட்டியில்தான். தொட்டி போய்த் தனிக் குவளை வந்தது. குவளைக்கு வழக்குப் போட ஆரம்பித்ததும் ஒருத்தருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருத்தருக்குக் காகிதக் கப்பு என்று மாறிக்கொண்டது. சுத்தம் என்று அதற்குப் பேர் வேறு.

போசி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் நம்மைப் பற்றியது, கொஞ்சம் கசக்கும். உண்மை அறியும் குழு என்று பத்துப் பேர் வளவுக்குள் நுழைகிறோம். அடிபட்ட வீட்டிலேயே, 'சாப்பிட்டுப் போங்க கண்ணு' என்கிறது ஒரு அம்மா. அது அன்பு, மறுக்க முடியாது. ஆனால் அந்த அன்பைப் பொங்க அரிசி எங்கேயிருந்து வருகிறது? 2011 முதல் ரேசன் அரிசிக்குக் காசு இல்லை, அளவு உண்டு. பத்துப் பேர் ஒரு நேரம் தின்றால் அந்த வீட்டில் மாசக்கடைசியில் ரெண்டு நாள் சட்டி காயும். விடுதலை பேசப் போனவன் விருந்தாளியாய் உட்காருவதும், கூலி வேலைக்குப் போய்வந்த பொம்பளை அடுப்படியில் வேகுவதும் என்ன விடுதலை? அரிசியோடு போவோம், அந்த வீட்டுக்கும் சேர்த்துப் பொங்குவோம், அந்த அம்மாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லி நாம் பரிமாறுவோம். இதில் ஆண் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழுவில் ஒரு தோழி வந்தால் கரண்டி தானாக அவர் கைக்குப் போய்விடுகிறதே, எப்படி? சாதியை எதிர்க்கிறவன் வெங்காயம் உரிக்கப் பழகட்டும்.

'நாம பொங்கித் தின்னுட்டுப் போயிட்டா, ரெட்டைக் குவளையை யாரு உடைக்கிறது? கடைக்காரனுக்கு வசதியாப் போயிடுமே' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. போசி டீக்கடைக்கு மாற்று அல்ல. கடைக்குள் நுழைவோம், பெஞ்சில் உட்காருவோம், ஒரே டம்ளர் கேட்போம், மறுத்தால் புகார் கொடுப்போம். ஆனால் புகாருக்கு மறுநாள் என்ன நடக்கிறது? மளிகைக்கடையில் சாமான் இல்லை என்பான், தோட்டத்தில் வேலை இல்லை என்பான். ஊர்க்கட்டுப்பாடு வயிற்றில்தான் கை வைக்கும். வயிறு தாங்கினால்தான் சாட்சி மாறாமல் நிற்க முடியும். 2020இல் தில்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகள் ஒரு வருசத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார்கள் என்றால், அங்கே அடுப்பு அணையவில்லை என்பதும் ஒரு காரணம். அடுப்பில்லாத போராட்டம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும்.

சமைக்கிற கைக்கு இவ்வளவு பலம் இருப்பதால்தான் சாதி அந்தக் கையைக் கண்டு இப்படிப் பயப்படுகிறது. 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அதிகாரிகளும் அவரை இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகு மாற்றல் ரத்தாகி, வன்கொடுமை வழக்கும் வந்தது. அந்தத் தாய் கேட்டது சலுகை அல்ல, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறாக்குகிற வேலை.

ஆகவே தோழர்களே, அடுப்பை வேலி மறைவில் மூட்டாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பொறம்போக்கில், நாலு பேர் பார்க்க மூட்டுங்கள். வருகிறவர் எந்தச் சாதியானாலும் 'சாப்பிடறீங்களா?' என்று கேளுங்கள். உட்கார்ந்தால் ஒரு தட்டு வையுங்கள். மூக்கைச் சுளித்துக்கொண்டு போனால் அவர் பேரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்துக்குப் பை கட்டும்போது துண்டறிக்கையில் நூறைக் குறைத்துக்கொண்டு போசியை உள்ளே வையுங்கள்.