கியூபாவுக்குப் போகச் சொன்னார்கள்

1950களின் தொடக்கம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு கறுப்பின மாணவனுக்கு அறிவியலாளர் ஆக ஆசை. ஆசிரியர் ஒருவர் அவனுக்கு அறிவுரை சொன்னார்: இந்த நாட்டில் கறுப்பருக்கு அறிவியலில் எதிர்காலம் இல்லை, கியூபாவுக்குப் போய்ப் பார்க்கலாம். அம்மா ஹில்டா நேராகப் பள்ளிக்கே போனார். என் மகன் எதை விரும்புகிறானோ அதைத்தான் படிப்பான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஆசிரியர் திட்டவில்லை, விரட்டவில்லை. அக்கறையோடுதான் பேசினார். இந்த அக்கறையை நமக்கும் தெரியும். ‘உனக்கெதுக்கு இயற்பியல், சீக்கிரம் வேலை கிடைக்கிற படிப்பாகப் பார்’ என்று எத்தனை வகுப்பறைகளில் கேட்டிருக்கிறோம்! 1953இல் ராஜாஜி இதை அரசுத் திட்டமாகவே கொண்டுவந்தார்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். பெரியாரின் இயக்கம் எதிர்த்து நின்றது. காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

ஹில்டாவின் மகன் பெயர் ஆர்தர் வாக்கர். 1962இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1974இல் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானார். வாழ்நாள் முழுக்க அவரைப் பிடித்துவைத்திருந்தது சூரியன்.

சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி. அதைச் சூழ்ந்திருக்கும் கொரோனாவிலோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு கூடுவதைப் போன்ற விந்தை இது. அந்த வெப்பத்தில் கொரோனா எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. நம் காற்றுமண்டலம் அவற்றைத் தடுத்துவிடுகிறது (அதனால்தான் உயிரோடு இருக்கிறோம்). சாதாரணக் கண்ணாடியில் நேராக விழுந்தாலும் எக்ஸ் கதிர் திரும்பி வராது, உள்ளேயே மறைந்துவிடும். வாக்கரும் சக ஆய்வாளர்களும் பயன்படுத்திய கண்ணாடி வேறு வகை. இருவேறு பொருள்களை மாறி மாறி, நானோமீட்டர் கணக்கில் மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்துச் செய்தது. ஒவ்வோர் அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்ப, எல்லாம் சேர்ந்து ஒரு படமாகிறது. 1987இல் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து ஏவிய ராக்கெட் வானில் இருந்த சில நிமிடங்களில் அந்தத் தொலைநோக்கி கொரோனாவைத் துல்லியமாகப் படமெடுத்தது. 1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் சூரியப் படக்கருவியிலும் அடுக்குக் கண்ணாடிகளே இருந்தன. இன்றைய உயர்ரக கைப்பேசிச் சில்லுகளை அச்சிடும் எந்திரங்களிலும் இதே வகைக் கண்ணாடிதான்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் ரொனால்டு மெக்நாயர், கறுப்பின இயற்பியலாளர். குளிரில் ரப்பர் வளையம் இறுகிவிடும் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்திருந்தார்கள், மேலிருந்தவர்கள் கேட்கவில்லை. இதையெல்லாம் விசாரித்த குடியரசுத் தலைவர் ஆணையத்தில் வாக்கரும் உறுப்பினர்.

கறுப்பின மாணவர்களும் பெண்களும் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற, 2001இல் இறக்கும்வரை அவர் துணை நின்றார். ஸ்டான்ஃபோர்டில் அவரிடம் முதலில் முனைவர் பட்டம் பெற்ற மாணவி 1983இல் விண்வெளிக்குப் போனார். அமெரிக்கப் பெண்களில் அவர்தான் முதல்வர். சாலி ரைடு. சேலஞ்சர் ஆணையத்தில் ஆசிரியரும் மாணவியும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.