ஏரி வண்டல்

அச்சரப்பாக்கத்தை அடுத்த மதுராந்தகம் ஏரியின் கரையை, 1798-இல் பிளேஸ் துரையின் நாளில், இராமர் காத்தருளினார் என்பர். கரையைப் பேசும் நாம் அடியிற் கிடக்கும் வண்டலைப் பேசுவதில்லை. வயல்களில் இடும் இரசாயன எருவில் ஒரு பகுதி மழைநீரோடு ஓடி ஏரிகளிற் படிகின்றது. அதிலுள்ள பாஸ்பரஸ் சேற்றின் இரும்போடு பிணைந்து அடங்கிக் கிடக்கும். நீர் அசைவற்றுத் தேங்கி, அடியிற் பிராணவாயு அற்றுப்போகுங்கால் அப்பிணைப்பு அவிழ்ந்து, பாஸ்பரஸ் நீரிற் கலந்து பாசியை வளர்க்கின்றது. ஆதலின் இன்றே எருவைக் குறைப்பினும், பழைய சேறு பல்லாண்டு நீரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

நம் முன்னோர் கோடைதோறும் வண்டலை மாட்டுவண்டிகளில் ஏற்றி வயலுக்கு அடித்தனர். அதனை எவரும் விஞ்ஞானம் என்று அழைத்திலர்! வயலின் வளம் வயலுக்கே மீண்டது. 2017-இல் விவசாயிகள் வண்டலை இலவசமாய் எடுக்க அரசினர் அனுமதித்தது நன்றே. ஆயின் அம்மண் செங்கற்சூளைக்குச் சென்றுவிடின் பயிருக்குப் பயன் யாது? ஆயக்கட்டு வயல்களுக்குச் சேர்ந்த பின்னரே பிறர்க்கு என்று விதித்தல் வேண்டுமென்பது நம் துணிபு.