திட்டு யாருக்குப் போகணும்?



"108 லேட்டா வந்துச்சு" என்று நம் குழுவில் ஆளுக்கு ஆள் திட்டியிருந்ததைப் படித்தேன். 108-இல் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இருவரும் படித்திருக்கிறார்கள். "பதற்றத்துல பேசுறாங்க, பொறுத்துப்போவோம் சார்" என்கிறான் ஒருவன். "வண்டியில இருக்கிறதாலேயே எல்லாத்தையும் நாங்களே வாங்கிக் கட்டிக்கணுமா?" என்கிறான் இன்னொருவன். நான் இரண்டாமவன் பக்கம்.

எந்த வண்டி எங்கே போவது என்று முடிவு செய்வது சென்னைக் கட்டுப்பாட்டு அறை. பெரம்பலூரிலிருந்து ஒரு நோயாளியைத் திருச்சியில் சேர்த்துவிட்டுத் திரும்ப 100 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை இங்கே அழைப்பு வந்தால் வேறு ஊர் வண்டிதான் வரவேண்டும். இதில் ஓட்டுநர் செய்த குற்றம் என்ன? 2008-இல் தொடங்கிய சேவை. 12 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கச் சொல்லி அவர்கள் சங்கம் போராடியபோது நம் குழுவில் ஒரு வரி வந்ததா?

2025 ஆகஸ்டில், பக்கத்துத் துறையூரில், கட்சிக் கூட்டத்துக்குள் வந்த 108 வண்டியை மறித்து ஊழியர்களைத் தாக்கினார்கள். வாய் நீண்டால் கையும் நீளும்.

கேள்வி கேளுங்கள்; அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்? ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். பெரம்பலூரோ அரியலூரோ, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். வண்டி எத்தனை, ஆள் எத்தனை என்று மனுக் கொடுப்போம். முதல் கையெழுத்து என்னுடையது.